நாங்களும் டின்பாலில் வளர்ந்தவர்கள்தான்

பேராக்கில் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, இன்று அறுபதைத் தாண்டியவர் யாரிடமாவது குழந்தைப் பால் பற்றிப் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்குள் இது வந்துவிடும்: "நாங்களெல்லாம் டின்பால் குடிச்சு வளந்தவங்கதான். என்ன கெட்டுப் போச்சு?" சொல்லிவிட்டுச் சட்டைக் கையை மடக்கிப் புஜத்தைக் காட்டாத குறைதான். எங்கள் குடும்பத்தில் இதைச் சொல்ல மாமா ஒருவர் இருக்கிறார். புந்தோங்கில் நடந்த ஒரு கல்யாணப் பந்தியில், கைப்பிள்ளையோடு உட்கார்ந்திருந்த மருமகளிடம் இதையே சொன்னார். அவள் என்ன செய்வாள், தலையாட்டினாள்.

இந்த வாதத்தை மறுப்பது லேசில்லை. சொல்கிறவர் கண்ணெதிரே உட்கார்ந்து, ரசத்தை இரண்டாம் முறை ஊற்றச் சொல்கிறார். ஆனால் அவரோடு, தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அதே ஆயாக் கொட்டகையில், தொட்டிலில் கிடந்த எல்லாரும் பந்திக்கு வரவில்லையே. அந்தக் காலத்துப் பெண்கள் பிள்ளைக் கணக்குச் சொல்லும்போது இரண்டு எண் சொல்வார்கள், கவனித்திருக்கிறீர்களா? "பெத்தது எட்டு, தங்கினது அஞ்சு." தங்கின ஐந்தில் ஒருவர்தான் இன்று நம்மிடம் புஜத்தைக் காட்டுகிறார். 1957-இல், சுதந்திரம் வாங்கிய வருடம், மலாயாவில் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 75 அளவுக்கு முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. இன்று அது ஆயிரத்துக்கு ஏழு அளவில் நிற்கிறது. அத்தனை சாவையும் பால் போத்தலின் தலையில் கட்ட முடியாது. மலேரியா இருந்தது, குறைப்பிரசவம் இருந்தது, ஆற்றுத் தண்ணீர் இருந்தது. ஆனால் வயிற்றுப்போக்கால் போன பிள்ளைகளின் சாவில் போத்தலுக்குப் பங்கில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

சரி, தோட்டத்துத் தாய்மார் ஏன் போத்தலுக்குப் போனார்கள்? நாகரிக மோகம், விளம்பரம், சோம்பல் என்று எழுதுகிறவர்கள் பெரட்டுக்கு, அதாவது விடியுமுன் பெயர் கொடுக்கும் வருகைக் கணக்குக்கு, ஒருநாளும் போகாதவர்கள். பால்மரத்துக்கு ஒரு குணம் உண்டு. வெயில் ஏறுவதற்கு முன் கோடு போட்டால்தான் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற மரத்துக்குள் அழுத்தம் குறைந்து ஓட்டமும் குறைந்துவிடும். அதனால் விடியுமுன் பெரட்டுக் களம், இருட்டோடு வெட்டுக்காடு. வெட்டி முடித்துக் காத்திருந்து, மங்கு மங்காகப் பாலெடுத்து, காண்டா வாளியில் சுமந்து ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பப் பகல் ஒரு மணி ஆகும். இரண்டு மாதக் குழந்தை ஒரு நாளில் எட்டுப் பத்து முறை பால் குடிக்கும். அதில் மூன்று நான்கு முறை தாய் காட்டில் நிற்கிறாள். சிலர் கைப்பிள்ளையையும் தூக்கிப் போய் இரண்டு மரத்துக்கு நடுவே ஏணை கட்டி வெட்டினார்கள். கொசுவும் பாம்பும் உள்ள இடத்தில் எத்தனை பேருக்கு அந்தத் தைரியம் வரும்?

தாய்ப்பாலுக்கும் ஒரு குணம் உண்டு. குடிக்கக் குடிக்கத்தான் ஊறும். மார்பில் பால் கட்டி நின்றால், இனி இவ்வளவு வேண்டாம் என்று உடம்பே சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். எட்டு மணி நேரம் காட்டில் நிற்கிறவளுக்கு, ரவிக்கை நனைந்து பால் வீணாகிற வேதனை முதல் சில வாரம். அப்புறம் நனைவது நின்றுவிடும். "பால் வத்திப் போச்சு" என்பாள். மாமியார்க்காரி, "அவளுக்குப் பால் பத்தாத உடம்பு" என்பாள். உடம்பில் ஒரு குறையும் இல்லை. ஒரே நேரத்தில் இரண்டு பாலுக்கு நேரம் கொடுக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

என் பெரியம்மா சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஆயாவாக இருந்தவர். அவர் வாயால் கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

"அஞ்சு மணிக்கே பிள்ளைங்க வந்துரும்டி. தூக்கத்துல ஒண்ணு, அழுதுகிட்டே ஒண்ணு. தாய்க்காரி தொட்டில்ல போட்டுட்டு ஓடுவா, பெரட்டுக்கு நேரமாச்சுன்னு. நான் ஒருத்தி, பிள்ளைங்க பதினஞ்சு இருவது. யாருக்கு யாரு போத்தல்னு பாக்க எங்க நேரம்?"

பால் கலக்கிய விதத்தைக் கேட்டேன். டின்னின் மேல்மூடியில் கத்தி முனையால் எதிரெதிரே இரண்டு ஓட்டை. ஒன்று பால் வர, ஒன்று காற்றுப் போக. ஊற்றியபின் ஓட்டையை மடித்த தாளால் அடைத்து, எறும்பு ஏறாமல் இருக்கத் தண்ணீர் ஊற்றிய தட்டில் டின்னை நிறுத்தி வைப்பார்களாம். அடுப்பில் கொதிக்கிற கித்துள் என்ற கெட்டிலிலிருந்து சுடுதண்ணி, பானையிலிருந்து பச்சைத்தண்ணி, இரண்டும் சேர்த்து வெதுவெதுப்பு. அளவு?

"அளவு என்னடி அளவு. நாக்குல வச்சுப் பாப்பேன். இனிச்சா சரி."

இனித்தால் சரி. பல நூறு பிள்ளைகளின் வளர்ச்சி இந்த இரண்டு சொல்லில் தொங்கிக்கொண்டிருந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். சர்க்கரை சேர்த்த டின்பாலில் பாதிக்கு மேல் சர்க்கரை. கெடாமல் இருப்பதே அந்தச் சர்க்கரையால்தான். ஒரு சின்னக் கரண்டி, அதாவது பத்து கிராம் அளவு எடுத்து 120 மில்லி தண்ணீரில் கலக்கினால் நாக்குக்கு நன்றாக இனிக்கும். ஆனால் அதில் இருப்பது 32 கலோரி சொச்சம். அதே 120 மில்லி தாய்ப்பாலில் 80 கலோரிக்குப் பக்கம் இருக்கும். பிள்ளை போத்தலைக் காலி செய்கிறது, வயிறு நிறைகிறது, தூங்குகிறது. உடம்பு மட்டும் ஏறவில்லை. நன்றாகக் கெட்டியாகக் கலக்கினால் எடை ஏறும், ஆனால் அது சர்க்கரை போட்ட எடை. புரதம், இரும்பு, வைட்டமின் எதுவும் அந்த எடைக்கு ஈடாக வருவதில்லை. கொழுப்பு நீக்கிய டின்பால் என்றால் இன்னும் மோசம். வைட்டமின் ஏ இல்லாமல் கண்ணே போன குழந்தைகள் உண்டு.

இதையெல்லாம் அப்போதே ஒரு பெண்மணி உரக்கச் சொன்னார். சிசிலி வில்லியம்ஸ், ஜமைக்காவில் பிறந்த டாக்டர். இன்றைய கானாவில் வேலை செய்தபோது, புரதம் போதாமல் குழந்தைகள் வீங்கிச் சாகும் குவாஷியோர்கர் நோயை 1933-இல் மருத்துவ உலகுக்கு எடுத்துச் சொன்னவர். 1936-இல் மலாயாவுக்கு மாற்றலாகி வந்தார். சிங்கப்பூரில் அவர் கண்ட காட்சி: தாதி போல வெள்ளை உடுப்புப் போட்ட பெண்கள் வீடு வீடாகப் போய், பிள்ளை பெற்றவர்களிடம் டின்பாலைச் சிபாரிசு செய்கிறார்கள். அவர்கள் தாதிகளே அல்ல, கம்பெனி ஆட்கள். 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் பேசக் கூப்பிட்டபோது, பேச்சுக்கு அவர் வைத்த தலைப்பு 'பாலும் கொலையும்'. தவறான பால் பிரச்சாரத்தால் சாகும் குழந்தைகளின் சாவைக் கொலை என்றே கொள்ள வேண்டும் என்பது அவர் பேச்சின் சாரம். சபையில் இருந்தவர்கள் ஊரின் பெரிய வியாபாரிகள் என்பதை மறக்க வேண்டாம். பிறகு திரங்கானுவில் வேலை, ஜப்பான்காரன் காலத்தில் சாங்கியில் சிறை, கெம்பித்தாய் என்ற ஜப்பானிய ராணுவப் போலீஸின் விசாரணை. அத்தனையும் தாண்டி 1948-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் தாய்சேய் நலப் பிரிவுக்கு முதல் தலைவரானார். நம் பள்ளிப் பாடப் புத்தகத்தில் இவர் பெயரை நான் பார்த்ததில்லை.

கம்பெனிகள் இங்கே புதிதாக வந்தவையும் அல்ல. நெஸ்லேயின் முன்னோடியான ஆங்லோ-ஸ்விஸ் கண்டென்ஸ்ட் மில்க் கம்பெனி 1912-லேயே பினாங்கில் கடை விரித்துவிட்டது. ரப்பர் விலை ஏறிய காலம், தோட்டங்கள் பெருகிய காலம். டின்பால் பினாங்கிலிருந்து ரயிலேறி ஈப்போவுக்கு வந்து, தோட்டக் கடைவரை போய்ச் சேர்ந்தது. கடையில் கடன் புத்தகம் இருந்தது. சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். போத்தல் வாயில் மாட்டுகிற நிப்பிளும் ரப்பர்தான், என்ன சொல்ல.

மேற்கொண்டு நடந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அறுபது எழுபதுகளில் டின்பாலின் இடத்தைப் பவுடர் பால் பிடித்தது. 1977-இல் அமெரிக்காவில் நெஸ்லே புறக்கணிப்புத் தொடங்கியது. நம் பக்கத்தில் பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் விடாமல் கத்தியது. 1979-இல் மலேசியா தனக்கென ஒரு குழந்தைப் பால் விற்பனை நெறிமுறையை வகுத்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் சர்வதேச நெறிமுறை வந்தது 1981-இல்தான். இந்த ஒரு விஷயத்தில் நாம் உலகத்துக்கு முந்திக்கொண்டோம். தொண்ணூறுகளில் அரசு மருத்துவமனைகளில் பிறந்த குழந்தையைத் தாயோடு படுக்க வைத்து, முதல் மணி நேரத்திலேயே பால் கொடுக்க வைக்கும் பழக்கம் வந்தது. ஆறு மாதத்துக்குள்ளான குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே குடிப்பவர்கள் தேசிய சுகாதார ஆய்வின்படி 2006-இல் 14.5 விழுக்காடு, 2016-இல் 47.1 விழுக்காடு. நல்ல முன்னேற்றம்தான். மறுபாதிக் குழந்தைகளுக்குத் தாய்ப்பால் மட்டும் கிடைக்கவில்லை என்பதும் அதே கணக்குத்தான் சொல்கிறது. அவர்களில் பலர் ஏதாவது ஒரு வழியில் போத்தலோடு வளர்கிறார்கள்.

அந்த மறுபாதியைப் பற்றித்தான் நான் எழுத வந்தது. தாய்ப்பால் வாரத்தில் பேசுகிறவர்கள் இவர்களிடம் பேசுவதே இல்லை. போத்தல் என்றதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். ஈப்போவைச் சுற்றித் தொழிற்சாலையில் ஷிப்ட் பார்க்கிற பெண்ணுக்கு, மூன்று மாதப் பிள்ளையைச் சிம்மோரில் அம்மா வீட்டில் விட்டுவிட்டு ஓடுகிறவளுக்கு, போத்தலை எப்படிக் கொடுப்பது என்று யார் சொல்லித் தருகிறார்கள்? தோட்டம் போய் தாமான் குடியிருப்பு வந்தது, ஆயாக் கொட்டகை போய் பிள்ளை பார்க்கிற அக்கா வந்தார். காலை ஐந்து மணி ஓட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது.

நான் பார்த்தவரையில் தவறு நான்கைந்து இடத்தில்தான் நடக்கிறது. முதலாவது, கரண்டி. டின்னுக்குள் வரும் அளவுக் கரண்டி அந்தந்தப் பிராண்டுக்கு மட்டும்தான். பழைய டின் கரண்டியைப் புது டின்னுக்குப் போடக்கூடாது. குவித்தும் போடாமல், அமுக்கியும் போடாமல், கத்தியின் முதுகால் தலை தட்டிப் போட வேண்டும். 30 மில்லிக்கு ஒரு கரண்டி என்று போட்டிருந்தால் 120-க்கு நான்கு. மாதக் கடைசியில் இந்த நான்கு மூன்றாகும். பால் டின் விலை தெரிந்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒரு கரண்டி குறைந்தால் சாப்பாட்டில் கால்வாசி குறைந்தது என்று அர்த்தம். நாளெல்லாம் 750 மில்லி குடிக்கிற பிள்ளைக்கு 500 கலோரி போக வேண்டிய இடத்தில் 375 போகிறது. தண்ணீர் மிஞ்சினால் ரத்தத்தில் உப்பு நீர்த்து வலிப்புகூட வரும். மறுபக்கம், பிள்ளை குண்டாகட்டும் என்று ஐந்து கரண்டி போடுகிற பாட்டிகளும் உண்டு. மலச்சிக்கல், தாகம், சிறுநீரகத்துக்குச் சுமை. பிள்ளை தாகத்தில் அழும், பசி என்று நினைத்து இன்னொரு போத்தல் கலக்குவார்கள்.

இரண்டாவது, தண்ணீர். காலையில் தெர்மாஸில் ஊற்றிய சுடுதண்ணியும் ஜக்கில் ஆறின தண்ணியும் பாதிக்குப் பாதி கலந்து, கை சூட்டுக்கு வந்ததும் பவுடரைப் போட்டுக் குலுக்குவது நம் வீட்டு வழக்கம். இது பெரியம்மாவின் கித்துள், பானைக் கணக்கேதான். பவுடர் பால் கிருமி நீக்கியது அல்ல என்பது பலருக்குத் தெரியாது. க்ரோனோபேக்டர் என்ற கிருமி அதில் இருக்கக்கூடும். அரிதுதான், ஆனால் பச்சைக்குழந்தைக்கு வந்தால் மூளைக்காய்ச்சல்வரை போகும். கொதிக்க வைத்த தண்ணீரை அரைமணிக்கு மேல் ஆறவிடாமல், 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் பவுடரைப் போட்டுக் கலக்கிவிட்டு, அப்புறம் போத்தலைக் குழாய்த் தண்ணியில் காட்டி ஆற்ற வேண்டும். கலக்கிய பாலை இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். குடித்து மிச்சம் வைத்ததை அடுத்த வேளைக்கு வைக்கவே கூடாது.

மூன்றாவதுதான் எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை: கொடுக்கிற விதம். பிள்ளையை மல்லாக்கப் படுக்க வைத்து, போத்தலுக்கு ஒரு தலையணையோ சுருட்டின துண்டோ முட்டுக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவது. இருபது பிள்ளைக்கு ஓர் ஆயா இருந்த இடத்தில் வேறு வழி இருந்திருக்காது. ஒரே பிள்ளை இருக்கிற வீட்டில் ஏன்? பால் தானாக வாயில் கொட்டும். விழுங்கியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் புரையேறும். காதுக்குள் பால் போய்ச் சீழ் பிடிக்கும். போத்தலோடு தூங்குகிற பிள்ளைக்கு முளைத்த பல் முன்வரிசையிலிருந்தே சொத்தையாகும்.

பிள்ளையை மடியில் சற்று நிமிர்த்திச் சாய்த்து வைத்துக்கொள்ளுங்கள். நிப்பிளை வாயில் திணிக்காமல் உதட்டில் தொட்டால் தானே வாயைத் திறக்கும். போத்தலைக் கிடையாகப் பிடியுங்கள், நிப்பிள் நிறைகிற அளவுக்குச் சாய்த்தால் போதும். இருபது முப்பது முறை உறிஞ்சியதும் போத்தலைக் கொஞ்சம் தாழ்த்தி மூச்சு வாங்க விடுங்கள். தாய் மார்பில் குடிக்கிற பிள்ளை அப்படித்தான் விட்டுவிட்டுக் குடிக்கும். பக்கம் மாற்றிப் பிடியுங்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ, உதடு தளர்ந்தாலோ, இறுக மூடியிருந்த கை விரிந்தாலோ போதும் என்று பொருள். போத்தலில் 30 மில்லி மிச்சம் இருக்கலாம். அது கிடக்கட்டும்.

கிடக்க விடமாட்டார்கள். "இன்னும் கொஞ்சூண்டு, செல்லம், முடிச்சிரு," என்று கன்னத்தைத் தட்டித் தட்டி ஊற்றுகிற காட்சியை எத்தனை வீட்டில் பார்த்தாயிற்று. காசு போட்டு வாங்கின பால், கீழே கொட்ட மனசு வருமா? 2012-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இதில் சுவாரசியமானது. போத்தலில் மட்டும் குடித்த குழந்தைகள், தாய் மார்பில் மட்டும் குடித்தவர்களைவிட மாதத்துக்கு 70 முதல் 90 கிராம்வரை கூடுதலாக எடை போட்டார்கள். போத்தலில் இருந்தது தாய்ப்பாலா பவுடர் பாலா என்பது பெரிய வித்தியாசத்தைத் தரவில்லை. மார்பில் எவ்வளவு குடித்தது என்று யாருக்கும் தெரியாது, பிள்ளைதான் நிறுத்தும். போத்தலில் கோடு போட்டு எண் எழுதியிருக்கிறது, பெரியவர்கள்தான் நிறுத்துவார்கள். தன் வயிற்றின் பேச்சைத் தானே கேட்கும் பழக்கத்தைப் பிள்ளை அங்கேயே இழக்கத் தொடங்குகிறது.

இன்னொன்று, சொன்னால் சிரிப்பீர்கள். நிப்பிள் ஓட்டையைச் சுட்ட ஊசியால் பெரிதாக்குவது. மூன்று மாதப் பிள்ளைக்கு ராத்திரித் தூக்கம் வர வேண்டும் என்று சீரியல் மாவைப் பாலோடு கரைத்து அந்த ஓட்டை வழியே ஏற்றுகிறார்கள். தூக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆறு மாதம் ஆனதும் கஞ்சியைக் கரண்டியில் கொடுங்கள், வாய் மென்று பழகட்டும்.

சரி, பிள்ளை ஒழுங்காக வளர்கிறதா என்று எப்படித் தெரியும்? பந்தியில் கன்னத்தைக் கிள்ளிப் பார்க்கிற அத்தைமாரை வைத்து இல்லை. கிளினிக்கில் கொடுக்கிற குழந்தை நலப் புத்தகத்தில் வளைகோடு போட்ட பக்கம் ஒன்று இருக்கிறது. ஊசி போட்ட தேதியைப் பார்த்துவிட்டு மூடி வைத்துவிடுகிறோம், அந்தப் பக்கத்தையும் திருப்புங்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட வளர்ச்சிக் கோடுகள் தாய்ப்பால் குடித்த குழந்தைகளை வைத்து வரைந்தவை. இந்தியா, கானா, நார்வே, பிரேசில், ஓமான், அமெரிக்கா என்று ஆறு நாட்டுக் குழந்தைகள். அதனால் "நம்ம ஜாதிப் பிள்ளைங்க சின்ன உடம்புதான்" என்ற சமாதானம் செல்லாது. பிறந்த எடை ஐந்து மாதவாக்கில் இரண்டு மடங்காகவும், ஒரு வயதில் மூன்று மடங்காகவும் ஆவது பொதுக்கணக்கு. எடையை மட்டும் பார்க்காமல் நீளத்தையும் பாருங்கள். இனிப்புப் பாலில் எடை ஏறிவிடும், நீளம் ஏறாது. மலேசியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஐந்தில் ஒருவர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர். இத்தனை பேரங்காடி உள்ள நாட்டில் இது எனக்கு விளங்கவே மாட்டேனென்கிறது.

2023 ஜனவரியிலிருந்து தனியார் துறையிலும் பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளானது. நல்லது. ஆனால் ஆறு மாதம் என்பது நூற்றெண்பது நாள். இடையில் உள்ள எண்பது சொச்ச நாளைப் பாலைப் பீய்ச்சி வைத்துத்தான் கடக்க வேண்டும். பீய்ச்சிய தாய்ப்பால் நம் சூட்டில் வெளியே நான்கு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், பிரிட்ஜின் உள்பக்கத்தில் நான்கு நாள், ஃப்ரீசரில் ஆறு மாதம். "பிரிட்ஜில வச்ச பாலக் குடுத்தா பிள்ளைக்குச் சளி பிடிக்கும்" என்று மாமியார் சொல்வார். வெதுவெதுப்பான தண்ணியில் வைத்துச் சூடேற்றிக் கொடுத்தால் பிடிக்காது, அத்தை. வேலையிடத்தில் பீய்ச்ச ஓர் அறை கேட்டால் கழிவறையைக் காட்டுகிற இடங்கள் இன்னும் இருக்கின்றன. உங்கள் சாப்பாட்டை அங்கே தயாரிப்பீர்களா என்று மேனேஜரிடம் கேட்க வேண்டும்.

பவுடர் பால்தான் என்றால் பவுடர் பால்தான். அதற்காக யாரும் தலைகுனிய வேண்டாம். ஆனால் மாதக் கடைசியில் டின் காலியாகும்போது கரண்டியைக் குறைக்காதீர்கள். கடையில் மலிவாகக் கிடைக்கிற இனிப்புக் கிரீமர் டின்னையும் எடுக்காதீர்கள், அதில் பாதி பாமாயிலும் சர்க்கரையும்தான், தேத்தண்ணிக்கு மட்டும் ஆகும். நேரே கிளினிக் கெசிஹாத்தான் என்ற அரசு கிளினிக்குக்குப் போய், அங்குள்ள தாதி மிஸியிடம் வாயைத் திறந்து சொல்லுங்கள். எடை குறைந்த, வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு உணவுக்கூடை கொடுக்கிற அரசுத் திட்டம் 1989 முதல் இருக்கிறது. உங்கள் பிள்ளை வயதுக்கு அது பொருந்தாவிட்டாலும் வேறு உதவி எங்கே கிடைக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். போகும்போது அளவுக் கரண்டியையும் கையோடு எடுத்துப் போங்கள். நீங்கள் கலக்குகிற விதத்தை அவர் முன்னாலேயே ஒருமுறை கலக்கிக் காட்டலாம்.